மாவுச் சாக்கில் தைத்த பாவாடை

ரப்பர் விலை விழுந்து மலாய் நாடே முடங்கிக் கிடந்த வருஷம் அது. அப்போது நான் பினாங்குத் துறைமுகத்தில் சாக்குத் தைக்கும் வேலையில் இருந்தேன். அந்த வருஷத் தீபாவளியன்று நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருஷமாக யோசித்தாயிற்று. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காகிதத்தில் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கப்பலிலிருந்து இறங்கும் அரிசி மூட்டைகளில் கொக்கி மாட்டிக் கிழிந்தவை நிறைய இருக்கும். சரக்கு அடுக்கும் கிட்டங்கித் தரையில் உட்கார்ந்து அவற்றைத் தைப்பதுதான் என் வேலை. விரல் நீளத்துக்குக் கோணி ஊசி, ஒரு கண்டு சணல் நூல், காலையிலிருந்து மாலை வரை சிமெண்டுத் தரை. வேலை கொடுப்பது கம்பெனி என்றாலும் ஆளைப் பொறுக்குவது எங்கள் மேஸ்திரியான தண்டல். காலையில் வாசலில் நின்று யாரைப் பார்த்து விரலை அசைக்கிறாரோ அவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. கப்பல் வரத்துக் குறைந்த பிறகு அந்த விரல் அசைவதும் குறைந்துவிட்டது. எங்களோடு இருந்த பலர் பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள்.

தண்டலுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் தம் ஆட்களின் குடும்பங்களுக்குத் துணி கொடுப்பார். எல்லாம் ஒரே துணித்தானிலிருந்து கிழித்தது. அன்று காலையில் நாங்கள் எல்லோரும் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்க் கும்பிட வேண்டும். தெருவில் எங்களைப் பார்ப்பவர்கள், "இது இன்ன தண்டலோட ஆளு" என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள். கூலி நாங்கள் உழைத்து வாங்குவது. அதற்கு மேல் ஒரு முழத் துணியைக் கொடுத்துவிட்டால் எங்கள் உடம்பும் அவருடையதாகிவிடுமா என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். வெளியே கேட்டதில்லை. கொடுத்ததைக் கட்டிக்கொண்டு போய்க் கும்பிட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் துணி கிடையாது என்று ஒரு மாதம் முன்பே பேச்சு அடிபட்டது. கடையில் வாங்க எங்களிடமும் வழியில்லை. என் மனைவி அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் சோறு போடும்போது, இந்தத் தீபாவளிக்குக் கடைச்சாமான் எதுவும் வேண்டாம், ஒருத்தருக்கு ஒருத்தர் கையால் ஏதாவது செய்து கொடுத்துக்கொள்ளலாம் என்றாள். எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. அவளே துண்டுக் காகிதத்தில் பேர் எழுதிக் குலுக்கிப் போட்டாள். எனக்கு அவள் பேர் வந்தது. அவளுக்கு அம்மா பேர், அம்மாவுக்கு என் பேர்.

பெண் பிள்ளைக்கு என்ன செய்து கொடுப்பது? எனக்குத் தெரிந்த ஒரே வேலை தையல். அதுவும் சாக்கில். இரண்டு நாள் யோசித்துவிட்டு, நான் தேநீர் குடிக்கும் ரொட்டிக் கடைப் பாயிடம் காலி மாவுச் சாக்கு இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். அது நல்ல பருத்தித் துணி. எதற்கு என்றார். தலையணை உறைக்கு என்று பொய் சொன்னேன். ஆம்பிளை பாவாடை தைக்கிறான் என்று வெளியே தெரிந்தால் துறைமுகத்தில் என்னை விட்டுவைப்பார்களா? பாய் சுத்தமான சாக்காகப் பார்த்து இரண்டு எடுத்துக் கொடுத்தார்.

மனைவி அதைச் சலவைச் சோடா போட்டு வேக வைத்து மூன்று நாள் வெயிலில் காய வைத்தாள். மாவு மில்லின் எழுத்தெல்லாம் போய்விட்டது. முத்திரையில் இருந்த பச்சைப் பட்சி மட்டும் போகவில்லை. வெளிறி, தலையும் ஒரு சிறகுமாக நின்றது. பிறகு மஞ்சள் அரைத்துத் துணியை அதில் ஊறவைத்தாள். அவள் வெட்டிக் கொடுத்தாள், நான் தைத்தேன். வேலை விட்டு வந்ததும் வெளிச்சம் இருக்கும்வரை மாடிப்படிக்குப் பின்னால், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவேன். கோணி ஊசி பிடித்த விரலில் சின்ன ஊசி நிற்கவே இல்லை. பத்துத் தையலுக்கு ஒரு குத்து. அடிவிளிம்பை மட்டும் சாக்கு வாயைத் தைக்கிற மாதிரியே முடிச்சுப் போட்டுப் போட்டுத் தைத்தேன். அப்படித் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் விடாது.

முடித்துப் பிரித்துப் பார்த்தால் பட்சி தலைகீழாக இருந்தது. அந்தத் துண்டை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரித்துத் தைக்க நாளில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தண்டல் வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்தான். துணி உண்டு, ஆனால் அவர் வீட்டில்தான் கொடுப்பார்கள், தீபாவளியன்று காலையில் குடும்பத்தோடு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். துணியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், பிறகு என்ன என்று நாங்கள் நினைத்தோம்.

தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் மூன்று சாமானையும் வைத்தோம். புதுத்துணி மூலையில் மஞ்சள் தடவ வேண்டுமே என்றேன். "முழுசுமே மஞ்சள்தான். இதுல மூலைக்குத் தனியா வேற தடவணுமா?" என்றாள் மனைவி. மகள் அம்மாவுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் குங்குமச் சிமிழ் செய்திருந்தாள். சாக்கடை ஓரத்துச் சிமெண்டில் ஒரு மாதமாகத் தேய்த்துத் தேய்த்து அதைக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தாள். மனைவி எனக்கு இலவம் பஞ்சு அடைத்த சின்ன மெத்தை தைத்திருந்தாள், கிட்டங்கித் தரையில் போட்டு உட்கார. பஞ்சுக்காக அவள் எத்தனை மரத்தடிக்குப் போனாளோ தெரியாது. கடையில் வாங்கிய எந்தச் சாமானையும் நாங்கள் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்லை.

மகள் பாவாடையைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். பட்சி தலைகீழாகிவிட்டதம்மா என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன். குனிந்து பார்த்தாள்.

"தலைகீழா இல்லப்பா. அது மரத்துலேருந்து எறங்கி வருது."

அதற்குப் பட்சிப் பாவாடை என்று அவளே பேரும் வைத்தாள். அப்பா தைத்தது என்று வெளியே சொல்லாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். நேரமாகிறது, கிளம்பு என்றேன்.

தண்டல் வீடு கடைத்தெருவைத் தாண்டிப் போக வேண்டும். முன்தினம் மழை பெய்து தெருவெல்லாம் சேறு. மகள் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்தாள். அங்கே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. முற்றத்தில் ஒரு போட்டோக்காரர் மூன்று கால் பெட்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். தண்டல் தம் ஆட்கள் எல்லோரையும் ஒரே துணியில் நிறுத்திப் படம் எடுத்து, கஷ்ட காலத்திலும் என் ஆட்களை எப்படி வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று கம்பெனித் துரைக்குக் கொடுக்கப் போகிறாராம். அந்த வருஷத் துணி நீலக் கட்டம். அதை அங்கேயே கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும்.

தண்டல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் கண் மகளிடம் போயிற்று.

"என்ன இது, மாவு மூட்டை நடந்து வருது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மகளுக்கு அது கேலி என்று புரியவில்லை. பாவாடையை விரித்துக் காட்டினாள்.

"எங்கப்பா தைச்சது தாத்தா."

நான் சொல்லாதே என்றதை அவளால் அடக்கிவைக்க முடியவில்லை. எப்படி முடியும்? அவளிடம் அன்றைக்கு இருந்த ஒரே பெருமை அது.

"உங்கப்பனா? சாக்குத் தைக்கிற கையால பாவாடையா?" தண்டல் முட்டியில் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஒரு கொக்கியப் போட்டு இவளயும் கப்பல்ல ஏத்திரலாம்லா. பாரு, பறவைகூட மயங்கித் தலைகீழா விழுந்து கெடக்கு."

அப்போது எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சிரித்தவர்கள் யார்? என்னோடு அதே தரையில் உட்கார்ந்து தைக்கிறவர்கள். என் வீட்டுப் பலகாரத்தைத் தின்றவர்கள். தண்டலாவது முதலாளி மிடுக்கில் சிரித்தார். இவர்களுக்கு என்ன வந்தது? ஒரு குழந்தை தன் அப்பா தைத்தது என்று சொன்னதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

"கழட்டிப் போட்டுட்டு நம்ம துணியக் கட்டிட்டு வரச் சொல்லு. போட்டோக்காரர் காத்திருக்காரு" என்றார் தண்டல்.

மகள் என்னைப் பார்த்தாள். மனைவியும் என்னைப் பார்த்தாள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் ஓரமாக நிற்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கலாம். எனக்கு வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது. அது மட்டும் என்றால்கூட மன்னித்துவிடலாம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருந்தது. பாவாடை தைத்தவன் என்று அத்தனை பேரும் என் விரலைப் பார்ப்பது போல் இருந்தது. அந்த மஞ்சள் நிறம் அங்கிருந்து மறைந்தால் போதும் என்று நினைத்தேன்.

"போய் மாத்திக்கிட்டு வாம்மா" என்றேன்.

அவள் பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது நீலக் கட்டம் போட்ட பாவாடை கணுக்காலுக்குக் கீழே தொங்கியது. படம் எடுத்தார்கள். கும்பிட்டோம். இனிப்பு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தோம். வழியில் மகள் குதிக்கவில்லை. நீலப் பாவாடை சேற்றில் இழுபட்டது. அதை அவள் தூக்கிப் பிடிக்கவும் இல்லை.

வீட்டுக்குள் வந்த பிறகுதான் அவள் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். பட்சிப் பாவாடை எங்கே என்று கேட்டேன்.

"அங்கேயே கெடக்குப்பா. பின்வாசல்ல எல்லாரும் கால் தொடைக்கப் போட்டுட்டாங்க. தண்டல் வீட்டு அம்மா மிதிச்சுக்கிட்டு நின்னாங்க. எப்படி எடுக்கிறது?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வது போல இன்னொன்றும் சொன்னாள்.

"பரவாயில்லப்பா. அது சாக்குதானே."

காலையில் மரத்திலிருந்து பட்சி இறங்கி வருகிறது என்று சொன்ன பிள்ளை அவள். இரண்டு மணி நேரத்தில் அது சாக்காகிவிட்டது. அந்த வார்த்தையை அவளுக்கு யார் கொடுத்தது? தண்டல் கொடுத்தார் என்று எண்ணப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை.

நான் நீலக் கட்டம் போட்ட வேட்டியை அவிழ்த்துவிட்டுப் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டேன். மனைவியும் தன் நீலச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். மகளின் பாவாடையையும் வாங்கி மூன்றையும் மடித்துக் கையில் கொடுத்தாள். "நாளைக்கு வேல இருக்காது" என்றேன். "தெரியுது, போயிட்டு வாங்க" என்றாள்.

வழிநெடுக என்ன பேசுவது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ஒரு பிள்ளையின் துணியைக் கழற்றச் சொல்ல நீங்கள் யார், கடவுளுக்கு முன்னால் வைத்து எடுத்த துணியைக் காலில் போட்டு மிதிக்கலாமா, துரைக்குக் காட்டுவதற்கு எங்கள் பெண்டு பிள்ளைகள் என்ன சரக்கா, இப்படி எத்தனையோ. அவர் வீட்டுக் கூடத்துக்குள் கால் வைத்ததும் எல்லாம் போய்விட்டது. விருந்து நடந்துகொண்டிருந்தது. இருபது முப்பது பேர் இலைக்கு முன்னால் இருந்தார்கள். காலையில் சிரித்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான்.

தண்டல் என்னைப் பார்த்தார். "என்னடா, துணி அளவு பத்தலியா?"

"பாப்பா பாவாடை இங்க இருக்குங்க. எடுத்துட்டுப் போக வந்தேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. அவர் மனைவிதான், அந்த மஞ்சள் சாக்கா, பின்வாசலில் கிடக்கிறது என்று எடுத்துச் சொன்னார். தண்டல் முகம் மாறிற்று.

"தீபாவளி அதுவுமா ஒரு சாக்குக்கா எங்கூடத்துல வந்து நிக்கறே?"

"சாக்கு இல்லீங்க. பாவாடை."

"என்ன சொன்னே?"

மடித்த நீலத் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"எம்மக பாவாடைங்க. நான் தைச்சது."

அதைத்தான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவர்களைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போனேன். பாவாடை படிக்குக் கீழே சேற்றோடு சுருண்டு கிடந்தது. எடுத்து உதறினேன். திரும்பி வந்து நீலத் துணி மூன்றையும் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் வைத்தேன்.

"நாளைக்கு வாசல்ல வந்து நிக்காதே" என்றார் தண்டல்.

"சரிங்க" என்றேன்.

பாவாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைக்கவில்லை. நனைந்த சேற்றோடு தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியே நடந்தேன். புதுத்துணி கட்டிய ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பாவாடையை வாங்கி மடியில் போட்டு அடிவிளிம்பு முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"தையல் ஒண்ணுகூடப் பிரியலப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் வேலையில்லாமல் அலைந்தேன். கடைசியில் ரொட்டிக் கடைப் பாய்தான் அரிசி மண்டி நடத்தும் ஒரு சீன முதலாளியிடம், ஒரு தவுக்கேயிடம், என்னைக் கூட்டிப் போனார். அந்தத் தலையணை உறைச் சமாச்சாரம் பொய் என்று அவரிடம் சொன்னபோது, எனக்கு அப்பவே தெரியும்லா, தலையணைக்கு எவனாவது மடிப்பு எத்தனை வைக்கலாம்னு கேப்பானா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை. இன்றும் அந்த மண்டியில்தான் சாக்குத் தைக்கிறேன், மனைவி தைத்த மெத்தையில் உட்கார்ந்து. பஞ்சு இரண்டு முறை மாற்றியாயிற்று. பட்சிப் பாவாடையை மகள் முழங்காலுக்கு ஏறும்வரை கட்டினாள். துவைக்கத் துவைக்க மஞ்சள் போய்ப் பச்சைப் பட்சிதான் துலக்கமாயிற்று. தீபாவளிக்குச் சீட்டுக் குலுக்குவதை நாங்கள் விடவில்லை.

அவள் இப்போது பெரியவளாகிவிட்டாள். என்னைவிட நன்றாகப் பத்திரிகை படிக்கிறாள். இதையும் படிப்பாள். அன்றைக்கு நான் திரும்பிப் போய்ப் பாவாடையைக் கொண்டுவந்ததைத்தான் அவள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். அதற்கு முன் நடந்ததை அவள் மறந்தாளா, மறந்தது போல இருக்கிறாளா என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. தண்டல் வீட்டுக் கூடத்தில் அந்தப் போட்டோ இன்னும் தொங்குகிறதாம். அதில் நீலக் கட்டத்தில் நிற்கும் அத்தனை பேரில் ஒரு பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருக்கும். தண்டல் சிரித்தபோதுகூட என் மகள் நிமிர்ந்துதான் நின்றாள். நான் மாற்றிக்கொள்ளச் சொன்ன பிறகுதான் அந்தத் தலை குனிந்தது. அதனால்தான் என் கோபம் இத்தனை வருஷமாகியும் தண்டல் வீட்டு வாசலோடு நிற்காமல் என்னோடு கூடவே நடந்து வருகிறது.